முச்சந்தியில் ஆறு மிளகாய்

மிஸஸ் ஹாலோவே ரப்பர் கையுறை மாட்டிய கையால் அந்தப் பிளாஸ்டிக் பையைத் தேவசுந்தரத்தின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே மிளகாய் வற்றல் ஆறு, பொடி உப்பு, டீயில் போடுவதுபோல் வட்டமாக நறுக்கிய எலுமிச்சைத் துண்டுகள் இரண்டு, ஒரு கைப்பிடி மணல். காலை ஏழு மணிக்கே மே மாத வெயில் கழுத்தில் ஏறியிருந்தது. அந்த அம்மாளின் முகத்தில் வெயில் தெரியவில்லை, உற்சாகம்தான் தெரிந்தது.

"மூன்றாவது புதன்கிழமை, டேவ். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அதே இடம், அதே பொருட்கள். இதில் ஏதோ திட்டம் இருக்கிறது."

தேவசுந்தரம் என்ற பெயரை அந்தக் குடியிருப்பில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. முதல் துண்டைப் பிய்த்து வைத்துக்கொண்டு மீதியை அவருக்கே விட்டுவிட்டார்கள். அவர் பையைப் பார்த்தார். பார்த்த கணமே என்னவென்று தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் பிறந்து, ஒரு தடவையாவது காய்ச்சலில் கிடந்த எவனுக்கும் தெரிந்திருக்கும். அவருடைய கடற்கரை ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த கையோடு பிள்ளைக்கு மிளகாய் சுற்றிப் போடுவார்கள். பங்குச் சாமியாருக்கும் தெரியும், கேட்கமாட்டார்.

"பூனையா இருக்கும் மேடம்," என்றார் ஆங்கிலத்தில்.

"எலுமிச்சை நறுக்கும் பூனையா?" என்று கேட்டார் மிஸஸ் ஹாலோவே.

வளைகுடாவில், ஜெபல் அலித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் மணலை நிரவி நாற்பது வில்லாக்களைக் கட்டி, சுற்றுச்சுவர் வைத்து, அதற்கு ஓக்லி வில்லேஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓக் மரம் ஒன்றும் இல்லை, பேரீச்சைதான். தெருக்களுக்கு ரோஸ் லேன், சர்ச் லேன் என்று பலகை. சர்ச் லேனில் சர்ச் கிடையாது. சர்ச் லேன் ரோஸ் லேனில் முட்டி முச்சந்தியாகிற முனையில் சிவப்புத் தபால் பெட்டி ஒன்று நின்றது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். அதில் கடிதம் போட்டால் எங்கும் போகாது, ஆண்டுக்கு இருமுறை பெயின்ட் அடிப்பது மட்டும் தேவசுந்தரத்தின் பொறுப்பு. ஏசி மெக்கானிக்காக வந்தவர் பதினெட்டு வருஷத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். குழாய், கரண்ட், புல்வெளி, பூனை எல்லாம் அவர் தலையில்தான்.

மிஸஸ் ஹாலோவே குடியிருப்போர் கமிட்டியின் தலைவி. மகன் துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்தான். அவன் வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்து துப்பறியும் நாவல் படிப்பார். பூப்போட்ட அட்டை, கிராமத்துத் தேவாலயம், தோட்டத்தில் ஒரு பிணம், கதை முடிவதற்குள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் குற்றவாளியைச் சொல்லிவிடுவார்கள். அந்த நாவல்களில் வருகிற கிராமம் மாதிரியே ஒன்று கைக்குக் கிடைத்தும் குற்றம் மட்டும் கிடைக்கவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. போன வருஷம் யாரோ ரோஜாத் தொட்டியை உடைத்ததைக் கண்டுபிடித்தார். உடைத்தது அவர் மகனின் கார். அதைக் கமிட்டியில் எடுத்துச் சொன்ன நேர்மையும் அவருக்கு உண்டு.

இப்போது கையில் ஒரு நல்ல கேஸ் வந்திருந்தது. சூனியம் என்ற சொல்லை முதலில் உச்சரித்தது யாரென்று தெரியவில்லை. இரண்டு நாளில் வில்லேஜ் முழுக்க அது ஓடிவிட்டது. ஒரு வீட்டில் நாய்க்குக் காலில் புண், இன்னொரு வீட்டில் நீச்சல்குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. இரண்டுக்கும் மிளகாய்தான் காரணம் என்று பேசினார்கள். குளத்துக்கு மருந்து போட மறந்தது தேவசுந்தரத்தின் ஆள் என்பது வேறு கதை. கமிட்டியில் ஒருவர், இதைப் போலீஸிடம் சொல்லிவிடலாம், இந்த நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்றார். தேவசுந்தரத்துக்குப் பயம் வந்தது அதைக் கேட்டபிறகுதான்.

ஏனென்றால் வில்லேஜில் வேலைக்கு இருந்த பெண்களில் பிலிப்பைன்ஸ்காரிகள் இருந்தார்கள், எத்தியோப்பியாக்காரிகள் இருந்தார்கள். தமிழச்சி ஒருத்திதான். ஒன்பதாம் வில்லாவில் பிள்ளை பார்க்கிற வடிவு. திசையன்விளைப் பக்கத்துப் பெண், புருஷன் இல்லாதவள், பன்னிரண்டு வயது மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்காக அந்த வீட்டு எம்மா மேடத்திடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்தவர் அவரே. போலீஸ் வந்தால் மிளகாய்க்கு விளக்கம் கேட்பார்கள், வடிவுக்கு மலையாளமே தகராறு, அரபியில் என்ன சொல்லுவாள்?

வில்லாவின் பின்பக்கத்தில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் டோபியின் துணிகள். டோபி அவள் பார்க்கிற பிள்ளை, பத்து மாதம்.

"வடிவு, எனக்க மொகத்தப் பாத்து சொல்லு. அந்த வேல நீ செய்ததா?"

"எந்த வேல அண்ணாச்சி?"

"வத்த மொளகு, உப்பு, எலுமிச்ச. தபால் பெட்டிக்கப் பக்கத்துல."

வடிவின் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. "நான் இல்ல அண்ணாச்சி. ஒரே ஒரு தடவதான் செஞ்சேன், அதுவும் அடுப்படிக்குள்ள. புள்ள ஒரு வாரமா வாயத் தெறக்கல, எதக் குடுத்தாலும் துப்புனான். டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாரு. பாத்துக்கிட்டே இருக்க முடியல. வத்தல அடுப்புல போட்டேன் பாருங்க, மேல இருக்க பொக மிஷின் கத்தி ஊரக் கூட்டிருச்சு. சார் மாடியிலேருந்து பாஞ்சு வந்தாவ. இன்னொரு தடவ இப்படிச் செஞ்சா மறுநாளே பிளைட்டுல ஏத்திருவேன்னாவ. அதோட விட்டுட்டேன்."

"எனக்க கிட்ட உள்ளதச் சொல்லு பிள்ளே. நான் ஒனக்கு வேண்டி ஜாமீன் நின்னவனாக்கும்."

"எங்க அம்ம மேல சத்தியம்."

அவர் நம்பவில்லை. தாய் மேல் சத்தியம் செய்கிறவர்களை அவர் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவருகிறார், பாதிப்பேர் ஸ்டோரிலிருந்து காப்பர் வயர் எடுத்தவர்கள். இருந்தாலும் குரலைத் தணித்து, "வாற செவ்வாக்கெழம அந்தப் பக்கமே போவாத. கெழவி பவுடர் தூவி வைக்கப் போறா. கால்தடம் விழும், கேட்டியா?" என்று சொல்லிவிட்டுப் போனார். கமிட்டி ரகசியத்தை வெளியே விட்டது அவருக்கு உறுத்தவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு மிஸஸ் ஹாலோவே குழந்தைப் பவுடர் டப்பாக்களோடு வந்தார். டப்பாவைத் திறந்து கொடுக்கும் வேலை தேவசுந்தரத்துக்கு. ரோஸ் லேனும் சர்ச் லேனும் கூடுகிற முனை முழுக்க அந்த அம்மாள் குனிந்து குனிந்து மெல்லியதாகத் தூவினார். அறுபத்தெட்டு வயதில் அப்படிக் குனிவது லேசில்லை. இதில் பாதி அக்கறையை நீச்சல்குளத்தில் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்றும் வீசவில்லை.

மறுநாள் காலை பவுடர் மேல் தடம் தெளிவாகக் கிடந்தது. ரப்பர் செருப்பு. இடது காலின் முன்பகுதியில், விரல்வார் மாட்டியிருக்கும் துளையின் கீழே, ஒரு விரற்கடை நீளத்துக்குக் கோடு ஒன்று பதிந்திருந்தது. மிஸஸ் ஹாலோவேக்கு அது என்னவென்று புரியவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டார். தேவசுந்தரத்துக்குப் புரிந்தது. வார் பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க அடியில் ஊக்கு குத்தியிருக்கிறார்கள். செருப்பைத் தூக்கிப் போடாமல் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு நடக்கிற ஆட்கள் அந்த நாற்பது வில்லாக்களில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? அவருக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. சொல்லியும் கேட்காமல் போயிருக்கிறாளே.

வீடு வீடாகப் பின்வாசலுக்குப் போய்ச் செருப்புகளைப் புரட்டிப் பார்க்கிற வேலையும் அவருக்கே வந்தது. மிஸஸ் ஹாலோவே செருப்பைத் தொடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தார். சமையற்காரிகளும் தோட்டக்காரர்களும் வாசலில் வந்து நின்று தங்கள் செருப்புகள் கவிழ்க்கப்படுவதைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வில்லாவின் பின்வாசலில் நீலவார் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. இடது செருப்பைத் திருப்பினார். ஊக்கு மினுங்கியது. பள்ளங்களில் வெள்ளைப் பவுடர் அடைந்திருந்தது. கதவுக்கு உள்ளே வடிவு, இடுப்பில் டோபி. அவளுக்குப் பின்னால் எம்மா மேடம் காபிக் கோப்பையோடு நின்றார்.

"ஆஹா," என்றார் மிஸஸ் ஹாலோவே. செருப்புகள் ஜிப் வைத்த பைக்குள் போயின. சனிக்கிழமை காலை கிளப் ஹவுஸில் எல்லோரும் கூடவேண்டும், அதுவரை யாரும் எதுவும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை தண்ணீர் ஹீட்டரைப் பார்க்கிற சாக்கில் தேவசுந்தரம் மறுபடி வந்தார். எம்மா மேடம் மாடியில் இருந்தார். வடிவு டோபிக்குப் பருப்பு கலந்த சோற்றைக் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்து திறந்து வாங்கினான்.

"சொல்லிட்டும் போயிருக்கியே. ஒனக்குப் பைத்தியமா?"

"நான் போகல அண்ணாச்சி."

"செருப்பு தனியா நடந்து போச்சாக்கும்?"

வடிவு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "காலைல செருப்புல பவுடரப் பாத்தேன். புள்ளைக்குப் போடுற பவுடருன்னு நெனச்சேன். பொறவுதான் நீங்க சொன்னது ஞாவகம் வந்துது." கண்ணை மட்டும் மாடிப்பக்கம் உயர்த்தினாள். "மிஷின் கத்துன அன்னிக்கு ராத்திரி மேடம் கீழ வந்தாவ. அது எதுக்குன்னு கேட்டாவ. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். அடுப்புல போட முடியலன்னா மூணு ரோடு சேருற எடத்துல போடுவாங்க, செவ்வாக்கெழமைன்னா நல்லதுன்னு. சும்மா கதையாட்டம் கேக்குறாவன்னு நெனச்சேன்."

தேவசுந்தரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பை கண்முன் வந்தது. ஆறு மிளகாய். எந்தத் தமிழச்சியாவது இரட்டைப்படையில் எண்ணி வைப்பாளா? அதிலும் காம்பு ஒன்றிலும் இல்லை, சுத்தமாகக் கிள்ளியிருந்தது. காம்பில்லாத மிளகாயைச் சுற்றிப் போட்டு என்ன பிரயோஜனம்? கல்லுப்பு இல்லை, மேசையில் வைக்கிற பொடி உப்பு. எலுமிச்சை டீக்கு நறுக்கியதுபோல. எல்லாம் முதல்நாளே கண்ணில் பட்டதுதான். பயத்தில் புத்திக்கு எட்டவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எம்மா மேடத்தின் கணவர் கிரேக் சாருக்கு அபுதாபி சைட், ராத்திரி வரமாட்டார். மேடம்தான் பின்வாசலில் கிடந்த வடிவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"அப்போ சொல்லு. சனிக்கெழம எல்லாரு முன்னாடியும் மேடந்தான்னு சொல்லு."

"சொல்லமாட்டேன் அண்ணாச்சி."

"ஏன்?"

"புள்ள இப்பந்தான் திங்கான். செஞ்சத வெளிய சொன்னா பலன் நிக்காது. அப்புறம் சாருக்குத் தெரிஞ்சா மேடத்தையும் என்ன சொல்லுவாவளோ." டோபியின் வாயைத் துடைத்தாள். "நான் சொல்ல வேண்டாம். மேடமே சொல்லுவாவ. நல்ல மனசு உள்ளவிய. வேணும்னேவா என் செருப்பப் போட்டாவ, காலுக்கு அம்பிட்டதப் போட்டுட்டுப் போயிருக்காவ. சொல்லுவாவ பாருங்க."

அதை அவள் எம்மா மேடத்தைப் பற்றிச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. தேவசுந்தரத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவள் மகளின் பள்ளிக்கூடம், தாயின் மூட்டுவலி எல்லாம் அவருக்குத் தெரியும். திருப்பி அனுப்பிவிட்டால் கூட மோசமில்லை, உள்ளே வைத்துவிட்டால்? மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாமே எழுந்து சொல்லிவிடலாமா என்றும் யோசித்தார். வெள்ளைக்காரி சூனியம் செய்தாள் என்று ஒரு மெயின்டனன்ஸ்காரன் சொன்னால் முதலில் யாரை வெளியே அனுப்புவார்கள் என்பதையும் யோசித்தார். அதோடு அந்த யோசனை நின்றது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளப் ஹவுஸ் நிரம்பிவிட்டது. மிஸஸ் ஹாலோவே தானே செய்த கேக்கை வைத்திருந்தார், டீ வைத்திருந்தார். மேசை நடுவில் ஜிப் பையில் செருப்பு. குடியிருப்புக்காரர்கள் நாற்காலியில், வேலைக்காரர்கள் சுவரோரம். வடிவு வெறுங்காலோடு வந்திருந்தாள், வேறு செருப்பு அவளிடம் இல்லை. எம்மா மேடம் முன்வரிசையில் மடியில் டோபியோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிரேக் சார்.

மிஸஸ் ஹாலோவே முக்கால் மணி நேரம் பேசினார். செவ்வாய்க்கிழமை ஏன், முச்சந்தி ஏன், பவுடர் எப்படி, ஊக்கு எப்படி. நடுவில் ஒருவரைக் குற்றவாளிபோலக் காட்டி, பிறகு அவர் இல்லை என்று விட்டுவிட்டார். அந்த ஆள் உண்மையிலேயே வியர்த்துப்போனார். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. கடைசியில் பையைத் தூக்கி, "இந்தக் காலணி யாருடையது?" என்று கேட்டார்.

வடிவு கையைத் தூக்கினாள். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோலத் தோள்வரை தூக்கினாள்.

"நீதானே அங்கே போனாய்?"

வடிவு தூக்கிய கையை இறக்கினாள். எம்மா மேடத்தைப் பார்க்கவும் இல்லை. அப்படிப் பார்த்தால் கேட்டுவிட்டதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, எதிர்ச்சுவரில் இருந்த ராணியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேக் சார் திரும்பி, "நான் எச்சரித்திருந்தேன்," என்றார். எம்மா மேடம் வாழைப்பழத்தைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி டோபியின் வாயில் வைத்தார். அவன் விழுங்கினான். இன்னொரு துண்டு வைத்தார். தேவசுந்தரம் பின்னால் நின்று அந்த விரல்களையே பார்த்தார். சொல்லு தாயே, சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினார். ஆண்டவரிடம்கூட அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. வாழைப்பழம் முழுதும் தீர்ந்தது. மேடம் தோலை மடித்து டிஷ்யூவில் சுற்றினார்.

கமிட்டிக்காரர் செல்போனை எடுத்து, போலீஸுக்கு நானே பேசுகிறேன், அரபி தெரியும் என்றார். எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

"நான்தான்," என்றார் எம்மா மேடம்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகவே சொன்னார். டோபி சாப்பிடவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை, வடிவு சொன்ன கதையை வைத்து நானே செய்தேன், அவளுக்குத் தெரியாது, செருப்பு அவளுடையது, நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். காது மடல்வரை சிவந்துவிட்டது. கிரேக் சார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

மிஸஸ் ஹாலோவே பையை மேசையில் வைத்தார். பிறகு யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நாய்க்குப் புண் வந்த வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எவ்வளவு அழகான பழக்கம் என்றார் ஒரு பெண். வேலை செய்ததா என்று இன்னொருத்தி கேட்டாள், செய்யாமலா, பையனைப் பாருங்கள் என்று கிரேக் சாரே சொல்லிவிட்டு மனைவியின் தோளில் தட்டினார். போலீஸுக்குப் பேச இருந்தவர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு கேக் வாங்கப் போனார். மிஸஸ் ஹாலோவேக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் இப்படி ஒரு முடிவை எந்த நாவலிலும் படித்ததில்லை என்று பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். கோடைத் திருவிழாவில் வடிவு ஒரு மேசை போட்டுக்கொண்டு இதை எல்லோருக்கும் செய்துகாட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். வடிவுக்கு அது புரியவில்லை. சுவரோரம் நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலைக்குப் போனார்கள்.

செருப்பு இருந்த ஜிப் பையைக் கேக் டப்பாவோடு சேர்த்துக் கூடையில் வைத்து மிஸஸ் ஹாலோவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டார். கேட்டு வாங்கியிருக்கலாம். தேவசுந்தரம் கேட்கவில்லை, வடிவும் கேட்கவில்லை.

வெளியே பன்னிரண்டு மணி வெயில் தாரில் நின்றது. வடிவு ரோட்டில் ஒரு கால் வைத்தாள், எடுத்துக்கொண்டாள். பிறகு ஓரத்தில் இருந்த புல்வெளியில் ஏறி நடந்தாள். புல்லில் யாரும் நடக்கக்கூடாது என்று பத்தடிக்கு ஒரு பலகை இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஈரப்புல் அவள் பாதத்தின் கீழ் அமுங்கி எழுந்தது. எம்மா மேடம் தள்ளுவண்டியோடு ரோட்டில் விரைந்து வந்து அவளுக்கு நேராக நின்றார்.

"வடிவூ."

வடிவு நின்றாள். மேடம் குனிந்து தன் தோல் செருப்பைக் கழற்றினார், இரண்டு கையாலும் நீட்டினார். மன்னித்துவிடு என்றோ வேறு ஏதோ சொன்னார், தேவசுந்தரத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வடிவு அந்தச் செருப்பைப் பார்த்தாள். டோபி வண்டியிலிருந்து அவளிடம் கையை நீட்டினான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், தூக்கவில்லை.

"சைஸ் நோ, மேடம்," என்றாள்.

இருவர் காலும் ஒரே அளவு என்பது இப்போது வில்லேஜுக்கே தெரியும். அவள் புல்வெளியில் அதே நடையில் ஒன்பதாம் வில்லாவைப் பார்த்துப் போனாள். எம்மா மேடம் செருப்பைக் கையில் பிடித்தபடி கொதிக்கிற ரோட்டில் வலது காலைத் தூக்கி இடது காலில் நின்றார், பிறகு இடது காலைத் தூக்கி வலது காலில் நின்றார்.